மதினி நேர்ந்த முடி

மார்ச் 2

இந்த டைரி பள்ளிக்கூடத்துக்கு ஓசியில் வந்தது. வந்ததில் நல்ல அட்டை போட்டதையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், முனை மடங்கியது பி.டி. டீச்சரான என் தலையில் விழுந்தது. விளையாட்டு டீச்சருக்கு எழுத என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். இருக்கிறது. வலது கை வீங்கியதா வற்றியதா என்று தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபி மேடம். மார்பில் ஆபரேஷன் செய்து அக்குளிலும் கட்டிகளை எடுத்ததிலிருந்து இந்தக் கை என் பேச்சைக் கேட்பதில்லை.

வலது கை: காலையில் பரவாயில்லை. சாயங்காலம் ரவிக்கைக் கை இறுக்கியது.

இன்னொரு சேதி. நாங்கள் கடலுக்குப் போகிறோம். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற என் மகள் தர்ஷினி இன்று சாப்பிடும்போது அறிவித்துவிட்டாள். மண்டபம் பக்கம், மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. "பூங்கான்னா உக்கார பெஞ்ச் போட்டிருப்பாங்கல்ல?" என்று கேட்டார் அவளுடைய அப்பா. மின்வாரியத்தில் ஃபோர்மேன், கரண்ட் கம்பத்தில் ஏறுகிற மனிதர், தண்ணீர் என்றால் மட்டும் குளியலறை வாளியோடு சரி.

"பெஞ்ச் இல்லப்பா, பவளப்பாறை இருக்கும். கண்ணாடி மாட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள மூஞ்சிய வச்சுப் பாக்கணும். அப்புறம் கயாக். சின்னப் படகு, நாமளே துடுப்பு போடணும்."

"யாரு, உங்கம்மாவா?"

"அம்மாதான் மொதல்ல."

கீமோவுக்குப் படுத்திருந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. நீலக் கடல், நடுவில் ஒரு மஞ்சள் படகு. எழுந்து நடமாடினால் அதில் ஏறித் துடுப்பு போடுவேன் என்று நான் சொன்னேனாம். எனக்கு நினைவே இல்லை. பிள்ளை நினைவு வைத்திருக்கிறது.

மார்ச் 6

மதுரைக்குப் போய்ப் பரிசோதனை முடித்து வந்தோம். எல்லாம் சுத்தம், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர். துடுப்பு போடலாமா என்று கேட்டேன். வீக்கம் வராமலிருக்கக் கைக்குப் போடுகிற இறுக்கமான உறையைப் போட்டுக்கொண்டு, வலித்தால் நிறுத்திவிட்டு, தாராளமாகப் போடலாம் என்றார்.

வெளியே வந்து ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்தோம். இவர் இரண்டு குடித்தார். பஸ்ஸில் கோவில்பட்டி வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இடது கையைத்தான். வலது கையைத் தொடவே பயம்.

மார்ச் 9

சீப்பு ஒன்று வாங்கினேன். பழையதில் பல் உடைந்துவிட்டது.

முன்னெல்லாம் என் முடி கம்பி மாதிரி நேராக இருக்கும். இப்போது முளைத்திருப்பது சுருள் சுருளாக வருகிறது. மருந்துக்குப் பிறகு சிலருக்கு அப்படித்தானாம். காது மறைந்து, பிடரி வரை வந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

"கண்ணாடி முன்னாடி என்னம்மா இவ்வளவு நேரம்?" என்றாள் தர்ஷினி.

"பல்லுல கீரை மாட்டிக்கிச்சு" என்றேன். இன்றைக்கு வீட்டில் கீரையே சமைக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 13

மதினி போன் செய்தார். இவருடைய அக்கா, பேச்சியம்மாள், விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் வியாபாரம் பார்க்கிற வீடு. அறுபது வயதிலும் தெருவுக்குக் கேட்கிற குரல். போனைக் காதில் வைக்கவே வேண்டாம், மேஜையில் வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டே கேட்கலாம்.

"ஏட்டி வடிவு, கடலுக்குப் போறீகளாமே! தம்பி சொன்னான். நல்லா போயிட்டு வாங்க. போற வழிதானே, நம்ம சாஸ்தா கோயில்ல எறங்கி அந்த நேர்த்தியை முடிச்சுட்டுப் போயிருங்க. வச்சுக்கிட்டே இருக்கக் கூடாதுட்டி."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, தம்பி பெண்டாட்டி பிழைத்து வந்தால் அவள் முடியை இறக்குகிறேன் என்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டாராம் மதினி. கீமோவில் முடி கொட்டும் என்று அப்போது அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு என் தலையில் இறக்குவதற்கு எதுவும் இல்லை என்பதால் பேச்சும் இல்லை. இப்போது முளைத்துவிட்டது.

"அதான் ஒருதரம் மொத்தமும் போயிடுச்சே மதினி" என்றேன், சிரித்துக்கொண்டே.

"அது மருந்து எடுத்துக்கிட்டதுட்டி. அய்யனுக்குச் சேரலையே."

சரிங்க மதினி என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 14

கை: பரவாயில்லை.

முடிதானே.

மார்ச் 16

இன்று பயிற்சி தொடங்கியது. பயிற்சி இல்லாமல் யாரையும் மைதானத்தில் இறக்குவதில்லை நான். இவரையும் தர்ஷினியையும் மொட்டை மாடியில் ஒருவர் பின் ஒருவராகக் கால் நீட்டி உட்காரவைத்து, ஆளுக்கொரு துடைப்பக்கட்டையைக் கையில் கொடுத்து, விசிலை ஊதினேன். லெஃப்ட், ரைட். லெஃப்ட், ரைட். இவர் ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்கம் போட்டு மகளின் மண்டையில் தட்டினார்.

"ஹாக்கியில பதினொரு பேரை மேய்ச்சிருக்கேன். உங்க ஒருத்தரை மேய்க்க முடியலையே!" என்று கத்தினேன். பக்கத்து மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, "என்ன டீச்சர், வீட்டுக்கு வெள்ளம் வருதா?" என்று கேட்டார்.

நானும் கொஞ்ச நேரம் போட்டேன். உறை போட்ட கை முதலில் முரண்டு பிடித்தது, பிறகு வழிக்கு வந்தது. சாயங்காலம் வீக்கம் இல்லை. நம்பவே முடியவில்லை. கடவுளே, இந்தக் கையையாவது எனக்கு விட்டுவைத்தாயே.

தர்ஷினி ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்திருக்கிறாள். பெயர் 'கடல் படை'. மதினியையும் அதில் சேர்த்திருக்கிறாள். மதினி தினமும் காலையில் அதில் பிள்ளையார் படம் போடுகிறார்.

மார்ச் 22

தூக்கம் வராமல் எழுதுகிறேன் என்றில்லை, மத்தியானம் சும்மா இருந்ததால் எழுதுகிறேன்.

கீமோ நடந்த காலம் முழுவதும் மதினி எங்கள் வீட்டில்தான் இருந்தார். வத்தல் சீசன், கடையில் ஆள் இல்லை, அவர் வீட்டுக்கார அண்ணாச்சி தனியாகக் கிடந்து திண்டாடினார். மதினி அசையவில்லை. வாந்தி எடுத்த சட்டியை முகம் சுளிக்காமல் எடுத்துப்போய்க் கழுவுவார். வாயெல்லாம் புண்ணாகிக் கிடந்தபோது குழைந்த சாதத்தில் மோர் விட்டு, விரலால் மசித்து, கால் ஸ்பூன் கால் ஸ்பூனாக ஊட்டினார். "இன்னும் ஒரு வாய்ட்டி, எனக்காகட்டி" என்று கெஞ்சுவார். அந்தக் குரலில் கெஞ்சுகிற மனுஷியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

என் குளியலுக்கு வெந்நீர் வைத்து, முதுகு தேய்த்துவிட்டதும் அவர்தான். ஆபரேஷன் செய்த இடத்தைப் பார்க்க எனக்கே தைரியம் இல்லாதபோது, "நல்லா ஆறியிருக்குட்டி, சுத்தமா இருக்கு" என்று எனக்காகப் பார்த்துச் சொன்னார். அத்தனை மாதமும் தலையில் துண்டு கட்டியபடிதான் வீட்டில் நடமாடினார். சோற்றில் முடி விழுந்துவிடக் கூடாதாம்.

என்னைப் பெற்ற அம்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருப்பாரா, தெரியாது. இப்படிப்பட்டவர் வாய் திறந்து கேட்கிற ஒரே விஷயத்துக்கு நான் எந்த முகத்தோடு மாட்டேன் என்று சொல்வேன்? மொட்டை போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடப்போகிறது? முளைக்கத் தெரிந்த முடிக்கு மறுபடி முளைக்கத் தெரியாதா? முடி கொட்டியபோதே நான் அழவில்லை. இப்போதா அழப்போகிறேன்?

மார்ச் 28

இவரிடம் தர்ஷினி சண்டை போட்டிருக்கிறாள். உங்கள் அக்காவிடம் நீங்கள் பேசுங்கள் என்று. இவரும் வீராவேசமாகப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது.

"யக்கா... அந்த நேர்த்தி விஷயமா... ஆமா... ஆமாக்கா... வத்தல் இந்த வருஷம் எப்படிப் போகுது? ... அப்படியா ... சரிக்கா."

உள்ளே வந்து, "பேசிட்டேன். வத்தல் நல்லா போகுதாம்" என்றார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. தர்ஷினி சிரிக்கவில்லை.

"ம்மா, நீயாவது வேண்டாம்னு சொல்லேன். உன் தலைம்மா."

"எனக்கு ஒண்ணும் இல்லடி. வெயில் காலம், காத்தோட்டமா இருக்கும்."

"அப்ப எதுக்கும்மா தினமும் ராத்திரி விளக்கெண்ணெய் தடவுற?"

கேள்வியைப் பார்! விசில் கழுத்தில் தொங்கியது, எடுத்து ஊதினேன். பேச்சு முடிந்தது.

ஏப்ரல் 3

கை: நல்லது. படிக்கட்டு ஏறி இறங்கினேன், மாடியில் துடுப்பு போட்டேன்.

இவர் கொஞ்ச நாளாக விடிகாலையில் வாக்கிங் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறார். திரும்பி வரும்போது துண்டு ஈரமாக இருக்கிறது. வேர்வை என்கிறார். பிழிந்தால் வாளி நிறையும் போலிருக்கிறது, என்ன வேர்வையோ.

ஏப்ரல் 8

குட்டு உடைந்தது. ஆபீசில் கூட வேலை செய்கிற ஒருவருடைய தோட்டத்துக் கிணற்றில் இவர் நீச்சல் கற்றுக்கொண்டிருக்கிறார்! இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஐம்பத்திரண்டு வயதில் தண்ணீரை அடித்துக்கொண்டு கிடக்கிறார். கண்ணெல்லாம் சிவந்து வந்தவரைப் பிடித்து உலுக்கிக் கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

"லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க. இடுப்பளவு தண்ணிதான். எதுக்குங்க இந்தக் கூத்து?"

"ஒருவேளை நீ விழுந்துட்டா?" என்றார்.

திட்ட வாயெடுத்தவள் உள்ளே போய்ச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். கீமோ சமயத்தில் நான் எழுந்திருப்பதற்கு முன்னால் குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையிலிருந்து என் முடியையெல்லாம் அள்ளிச் சுத்தம் செய்துவிட்டு வருவார் இந்த மனிதர். ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. நானும் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். வேப்பம்பூப் பச்சடி, பருப்பு, பாயசம். எனக்கு நாக்கில் ருசி திரும்பி வந்த பிறகு வருகிற வருஷப் பிறப்பு. கசப்பைக்கூட இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை கிளம்புகிறோம். வண்டி பேசியாயிற்று. கோயிலில் முடி இறக்குகிறவருக்கும் சொல்லியாயிற்று என்று மதினி குழுவில் செய்தி போட்டிருக்கிறார். கூடவே பிள்ளையார்.

ஏப்ரல் 17

மதினி வந்துவிட்டார். இரண்டு பை முறுக்கு, ஒரு தூக்கு நிறையப் புளிக்காய்ச்சல், வாழையிலைக் கட்டு. கடல் பூங்காவுக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது என்று தர்ஷினி குழுவில் எழுதியதை வரி விடாமல் படித்திருக்கிறார். ஊறுகாயைக்கூடக் கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுவந்தார். அவர் கோயில் வரைக்கும்தான் எங்களோடு. அங்கிருந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்.

மத்தியானம், "உக்காருட்டி, எண்ணெய் தேச்சு விடுதேன்" என்றார். தரையில் உட்கார்ந்தேன். மதினி நாற்காலியில். அவருடைய பின்னல் முன்பக்கம் விழுந்து என் தோளில் உரசிக்கொண்டிருந்தது. மதினியின் முடியைப் பற்றி விளாத்திகுளத்தில் கேட்டால் தெரியும். இடுப்புக்குக் கீழே தொங்கும். அறுபது வயதில் மை பூசாமலே கறுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் சீயக்காய் அரைத்துக் குளித்து, வெயிலில் விரித்துக் காயவைத்து, நுனியில் முடிச்சுப் போடுவார். கல்யாண வீடுகளில் பெண்கள் பின்னால் போய்த் தொட்டுப் பார்ப்பார்கள்.

"சுருட்டையா வருதே, அழகா இருக்குட்டி" என்றார்.

"போங்க மதினி, பாக்கச் சகிக்கல."

சீப்பைக் கேட்டார். கைப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். சின்னப் பையில் போட்டு வைத்திருந்தேன், கூடவே தர்ஷினி வாங்கிக்கொடுத்த பட்டாம்பூச்சிக் கிளிப்பும் வெளியே வந்து விழுந்தது. மதினி அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மதினி பேசாமல் இருந்தால் வீட்டில் ஃபேன் நின்ற மாதிரி இருக்கும்.

"அப்ப முடி கொட்டுனப்ப அழுதியாட்டி?"

"முடிக்குப் போய் யாராச்சும் அழுவாகளா மதினி?"

"எனக்குத் தெரியும்ட்டி. தலகாணி உறையைத் தொவைச்சது நான்தானே."

பதமாகத் தேய்த்துவிட்டார். கிளிப்பைத் தானே என் தலையில் மாட்டிவிட்டு எழுந்துபோனார்.

இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். தெரிந்திருக்கிறதே! நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது தெரிந்தும் இந்த முடியை எப்படிக் கேட்கிறார்? எனக்கு மதினி மேல் கோபம் வருகிறது. சோறு ஊட்டிய கை என்று நினைத்தால் கோபமும் நிற்க மாட்டேன் என்கிறது. ஆமாம், எனக்கு இந்த முடி வேண்டும். இதில் மட்டுமாவது எழுதி வைக்கிறேன். எனக்கு வேண்டும்.

ஏப்ரல் 18

மூட்டை கட்டினோம். கை உறை இரண்டு, தொப்பி, சூரியக் களிம்பு, விசில். சீப்பை எடுத்து வைக்கவில்லை. தேவைப்படாது.

ஏப்ரல் 19, மண்டபம்

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

விடிந்ததும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்மாய்க் கரையில் பெரிய மருதமரம், அதனடியில் சாஸ்தா. பங்குனி உத்திரக் கூட்டமெல்லாம் போய், பூசாரியும் முடி இறக்குகிறவரும் மட்டும்தான் இருந்தார்கள். முடி இறக்கினால் உடனே குளிக்க வேண்டும், மாற்றுச் சேலை வண்டியில் பையின் அடியில் கிடந்தது. அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். மனசை ஒரு மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வந்தேன். கிளிப்பைக் கழற்றித் தர்ஷினியின் கையில் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மரத்தடிக்கு வந்தால், பலகையில் மதினி உட்கார்ந்திருக்கிறார். பின்னல் அவிழ்ந்து தரையில் கிடக்கிறது. நடுமண்டையில் ஒரு பட்டை அதற்குள் வெள்ளையாகிவிட்டது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இவர், "யக்கா! யக்கா!" என்று ஓடிவந்து பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார். முடி இறக்குகிறவர் பயந்துபோய்க் கத்தியைத் தலையிலிருந்து எடுத்துவிட்டார்.

"நீ நிறுத்தாதப்பா, பாதியில நிறுத்துனா அசிங்கமா இருக்கும்" என்றார் மதினி, தலையைக் குனிந்தபடியே. பிறகு என்னைப் பார்த்து, "எதுக்குட்டி இந்தக் கத்து கத்துத? நேந்தது யாரு?"

"என் முடியைத்தானே மதினி நேந்தீக!"

"ஆமா. எவ முடிய எவ குடுக்கிறது? அன்னைக்கு உள்ள உன்னைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திட்டாக. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. அந்தப் பயத்துல உன் தலையைக் காட்டிட்டேன். என் தலை எங்க போச்சு? கழுத்து மேலதானே இருந்துச்சு? நேத்துப் பூரா அதைத்தான் நெனச்சுக்கிட்டே கெடந்தேன். பூசாரிகிட்டயும் கேட்டுட்டேன், நேந்தவ குடுத்தா அய்யன் வேண்டாம்னு சொல்ல மாட்டாராம்."

"அண்ணாச்சி என்ன சொல்லுவாக?"

"அவுக என்னைக்குட்டி என் மூஞ்சியப் பாத்தாக? வத்தல் மூட்டையைத்தானே பாப்பாக."

கையிலிருந்த கிளிப் நழுவி மதினி காலடியில் விழ, நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மதினியின் முடி என் மடியருகில் வந்து வந்து விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் வீட்டில் இருந்த அத்தனை மாதமும் அவர் தலையில் துண்டு கட்டியிருந்தது சோற்றுக்காக இல்லை. மொட்டைத் தலையோடு படுத்திருந்தவள் கண்ணில் அந்தப் பின்னல் படக் கூடாது என்றுதான். ஒரு நாள்கூடப் பூ வைத்து நான் பார்க்கவில்லையே. இத்தனை நாளும் இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அழுதேன். தலையணை எதுவும் இல்லாமல், எல்லோரும் பார்க்க, நன்றாக அழுதேன். மதினி என் முதுகைத் தடவிக்கொண்டே, "போதும்ட்டி, கண்மாய் ரொம்பிரும்" என்றார்.

அவர் குளித்து, மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம் பூசி, சாமி கும்பிட்டு முடித்ததும், "அப்ப நான் பஸ்ஸுக்குக் கெளம்புதேன்" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதினேன். மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்தன.

"ஏறுங்க வண்டியில."

"நான் எதுக்குட்டி? உங்க பையப் பாத்துக்கிடவா?"

"துடுப்பு போட."

"எனக்கு என்னட்டி தெரியும்?"

"சொல்லித் தாரேன். ஏறுங்க மதினி."

இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து மதினி நான் சொல்லி ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 20

கடல்!

காற்று இல்லை. தண்ணீர் குளம் மாதிரி அடங்கிக் கிடந்தது. அந்த ஊர் மீனவப் பெண் மரியசெல்வி எங்களுக்கு வழிகாட்டி. "இடுப்பளவுதான்க்கா, விழுந்தாலும் எந்திரிச்சு நிக்கலாம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இவர், "எனக்கு நீச்சல் தெரியும்" என்று அறிவித்தார். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அறிவித்தார்.

மதினிக்குத் தர்ஷினியின் சுடிதார். பிறந்ததிலிருந்து முதல் தடவை. "காலுக்கெல்லாம் தனித்தனியா உறையா போட்டுட்டாகளே" என்று நடந்து நடந்து பார்த்தார். அதன் மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், அதன் மேல் சந்தனம் பூசிய மொட்டை. தொப்பி வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். தர்ஷினி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "கோயில் கும்பம் மாதிரி இருக்கேன்ல?" என்று அவரே சிரித்தார்.

முதலில் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தோம். பாறை என்றார்கள், எனக்கு அது பூத்த மாதிரிதான் இருந்தது. கோடு போட்ட மீன்கள் கூட்டமாக என் கை உறையை மோந்து பார்த்துவிட்டுப் போயின. மதினி மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்து, "ஏட்டி, உள்ள ஒரு ஊரே இருக்குட்டி!" என்று கத்திய கத்தில் மீனெல்லாம் இலங்கைக்கே போயிருக்கும்.

பிறகு கயாக். இவரும் தர்ஷினியும் ஒன்றில். இவர் இன்னமும் எதிர்ப்பக்கம்தான் போடுகிறார். மதினியும் நானும் ஒரு மஞ்சள் படகில். மதினி முன்னால், நான் பின்னால். மஞ்சள் படகை நான் கேட்டு வாங்கவில்லை, தர்ஷினிதான் ஓடிப்போய்ப் பிடித்துவைத்திருந்தாள்.

"லெஃப்ட், மதினி. ரைட். லெஃப்ட். அவசரப்படாதீக."

"நீ கையப் பாத்துக்கோட்டி. வலிச்சா சொல்லு, நான் ஒத்தையாவே இழுத்துருவேன்."

வலிக்கவில்லை. கரை பின்னால் போனது. எனக்கு முன்னால் சந்தனம் காய்ந்து வெடித்த அந்தத் தலை, வெயிலில், லெஃப்டுக்கும் ரைட்டுக்கும் ஆடிக்கொண்டே போனது. அதைப் பார்த்துக்கொண்டே துடுப்பு போட்டேன். உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்தேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "இருப்பட்டி, இருப்ப, நூறு வருசம் இருப்ப" என்றார் மதினி திரும்பாமலே.

அப்போது கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. என் முடி பறந்து வந்து கண்ணில் விழுந்தது. இரண்டு வருஷம் ஆயிற்று, கண்ணில் முடி விழுந்து. ஒன்றும் தெரியவில்லை. துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஒதுக்கினேன். ஒதுக்க ஒதுக்க மறுபடி விழுந்தது. படகு ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது.

"ஏட்டி, என்னட்டி செய்யித பின்னாடி? துடுப்பைப் போடுட்டி!"

"முடி மதினி, கண்ணுல முடி!" என்று கத்தினேன்.

மதினி துடுப்பை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். சுடிதார் பையிலிருந்து அந்தப் பட்டாம்பூச்சிக் கிளிப்பை எடுத்து நீட்டினார்.

ஏப்ரல் 21, வீடு

கை: கொஞ்சம் வீக்கம். உயர்த்தி வைத்தால் சரியாகிவிடும்.

மதினிக்குத் தலையெல்லாம் வெயில் பட்டுச் சிவந்து தோல் உரிகிறது. தரையில் உட்காரவைத்து, நான் நாற்காலியில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அடுத்து எங்கே போகிறோம் என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டே, "காதுல வழியுதுட்டி, போதும்" என்றார். இன்னும் கொஞ்சம் தடவினேன்.